சூரை என்ன விலை

முகல்லா மீன் கழகத்தில் தராசுக் கணக்கராய்த் தொடங்கினார்
யுஸ்லிம் பாஹுமைத்.
அப்போது தெற்கு தனி நாடு, சுவரெல்லாம் சிவப்பு.
ஐம்பது கிலோ என்று எழுதிய பெட்டிக்குள்
நாற்பத்தாறுதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.
பதவி உயர்வும் எச்சரிக்கைக் கடிதமும்
ஒரே உறையில் வந்தன.

இது அவர் சொல்லிக் கேட்டது.
நான் பார்த்ததெல்லாம் பிறகு.
நான் ஏடன்காரி, தட்டச்சர்.
பிரதமரின் ஆணைகளில் கீழே இடது மூலையில்
பொடியாக இரண்டெழுத்து இருக்கும்,
அது நான்.

நாடு ஒன்றானபோது சனாவில் துணை அமைச்சர்.
நாலே வருடத்தில் போர். தோற்ற பக்கம்.
ஆடு ஏற்றிய படகில் ஜிபூட்டி,
அங்கிருந்து ஜித்தா,
பதினொரு வருடம் ஒரு சிமெண்ட் கடையின் பேரேடு.
மன்னிப்பு வந்ததும் திரும்பினார்,
துரத்திய மாளிகைக்கே அமைச்சராக.
"வெட்கமாக இல்லையா?" என்று மனைவி கேட்டாராம்.
"இருக்கிறது, சட்டைக்கு இஸ்திரி போடு" என்றாராம்.

அடுத்த போரில் நாற்காலி தானாக வந்தது.
வடக்கர்களுக்கு அவர் தெற்கர்,
தெற்கர்களுக்கு வடக்கோடு கைகுலுக்கியவர்.
இரு தரப்புக்கும் சரிசமமாய்ப் பிடிக்காது,
அதுவே தகுதி.

ரியாத்தில் ஒரு விடுதியின் ஐந்தாம் மாடிதான் அரசாங்கம்.
இருபத்து நான்கு அமைச்சர், இருபத்து நான்கு அறை.
மீன்வளத் துறையின் கதவில்
"தொந்தரவு செய்யாதீர்" அட்டை
மூன்று வாரம் தொங்கியது.
உணவுக்கூடத்தில் தட்டு நீட்டுமுன் இவர் கேட்பார்:
"சூரை என்ன விலை, ஊரில்?"
யாருக்கும் தெரியாது.
நான் தங்கைக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்வேன்.

ஏடனுக்குத் திரும்பியது ஜூன் மாதம்.
இரண்டு மணி நேரம் மின்சாரம், ஆறு மணி நேரம் இருட்டு.
குன்றின் மேல் மாளிகை, அடியில் கடல்,
வாசலில் எரியும் டயர்.
பெண்கள் சட்டியைக் கரண்டியால் அடித்துக்கொண்டு வந்தார்கள்.
அந்தச் சத்தத்தில் ஒன்று என் வீட்டுச் சட்டி,
எனக்குத் தெரியும்.
டீசல் ஆணையை அன்று மூன்று தடவை அடித்தேன்.
முன்பணம் இல்லாமல் நங்கூரம் போடமாட்டேன் என்று
கப்பல் திரும்பிப் போனது.

வாத்தியார்களுக்கு ஐந்து மாதச் சம்பளம் பாக்கி.
புது நோட்டு அச்சடிக்கும் கோப்பு வந்தது.
மூடி கழற்றிய பேனாவை
மை காயும்வரை பிடித்திருந்தார்.
"பெட்டியில் ஐம்பது என்று எழுதிவிடலாம்.
உள்ளே எவ்வளவு?"
என்னிடம் கேட்கவில்லை. ஜன்னலிடம்.
பிறகு என்னிடம் வேறு பேனா கேட்டார்.

சம்பளம் கிடைத்தது.
ஆளுக்கொரு மூட்டை காகிதம்,
ஒரு மூட்டை மாவுக்கு.

பதினேழு மாதம்.
நீக்கப்பட்டதைத் தொலைக்காட்சியில்தான் தெரிந்துகொண்டார்,
தேநீர் கையில்.
"ஆலோசகராக நியமிக்கப்படுகிறார்" என்பது ஆணையின் வாசகம்.
யாருக்கு ஆலோசகர் என்று அதில் இல்லை.
கீழே இடது மூலையில் இரண்டெழுத்து.

போன ஷஃபான் மாதம் முகல்லா போனேன்,
ஓய்வூதியக் கோப்பில் கையெழுத்து வாங்க.
மீன் சந்தையில் இருந்தார், தலைத்துண்டு, கைலி.
காவலர் யாருமில்லை. யாருக்கும் அவர் தேவையுமில்லை.
"சூரை என்ன விலை?"
பையன் கத்தியிலிருந்து தலையெடுக்காமல் கேட்டான்:
"பழசா, புதுசா, சவூதியா?"

நோட்டைத்தான் கேட்டான்.

இவர் தராசைப் பார்த்தார்.
மீன் வைக்குமுன்பே முள் கொஞ்சம் சாய்ந்து நின்றது.
நானும் பார்த்தேன், அவர் பார்ப்பதையும் பார்த்தேன்.
ஒன்றும் சொல்லாமல் புது நோட்டை
ஈரப் பலகையில் அடுக்கினார்,
அடுக்கினார், அடுக்கிக்கொண்டே இருந்தார்.

பெட்டி மேல் வைத்தே கோப்பில் கையெழுத்திட்டார்.

இரண்டு மாதம் கழித்துக் கருவூலம் திருப்பி அனுப்பியது:
கையெழுத்து பழைய ஆணைகளோடு ஒத்துப்போகவில்லையாம்.
தாளில் இன்னும் மீன் வாடை.